கோர்ட்டில் சொன்ன காய்ச்சல்

என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்து நான் பார்த்ததேயில்லை. மழையில் தெப்பலாக நனைந்து வந்தாலும் ஒரு தும்மல் போடாத உடம்பு. ஆனால் செங்கல்பட்டு கோர்ட்டில் மட்டும் அவருக்கு ரெண்டு வருஷமாக விடாமல் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. ஒரே வீட்டில் இருந்த எனக்கு அது தெரியாது.

அப்போது நாங்கள் அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். தொண்ணூறுகளின் கடைசி. சர்க்கார் வேலை எனக்குத்தான்; அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிரிவில் குமாஸ்தா. நான் தெற்கேயிருந்து வேலைக்காக வந்தவள். அவர் செங்கல்பட்டுக்காரர், வக்கீல். நிலத் தகராறு, பாகப்பிரிவினை, சுவர்ச் சண்டை என்று சிவில் கேஸாகத்தான் நடத்துவார். காலையில் நான் ஆபீஸ் பஸ்ஸில் ஏறும்போது அவர் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கோட்டுமாக, கவுனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். நான் போன பிறகு ரோட்டைத் தாண்டி செங்கல்பட்டு பஸ் நிற்கிற பக்கம் போவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரோட்டைத் தாண்டாமலே இந்தப் பக்கம் நின்று, கடற்கரைச் சாலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினார் என்பது எனக்கெங்கே தெரியும்?

வாய் ஓயாத மனுஷன் அவர். கத்தரிக்காயில் புழு இருந்தால் காய்கறிக்காரனிடம் வாதாடுவார். கிரிக்கெட்டில் அம்பயரிடம் வாதாடுவார், அதுவும் ரேடியோவில் கேட்டுக்கொண்டே. என் சாம்பாரைப் பற்றி அவர் எடுத்துவைத்த வாதங்களை எழுதினால் தனிப் புஸ்தகம் ஆகும். அந்த மனுஷன் மெள்ள மெள்ளப் பேச்சை நிறுத்தினார். போட்டதைத் தின்றார். டிவியில் என்ன ஓடினாலும் அதையே பார்த்தார். உப்பே போடாமல் ஒரு நாள் ரசம் வைத்துவிட்டேன். அதையும் குடித்துவிட்டுக் கை கழுவினார். வயசாகிறது, அடங்கிவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன். சாமி சத்தியமாகச் சந்தோஷம்தான் பட்டேன்.

கடப்பாக்கத்திலிருந்து ஒரு மீன்காரம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் குவார்ட்டர்ஸுக்கு வருவார். ஒரு ஞாயிறு சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, உங்க வூட்டு வக்கீலய்யாவுக்கு எங்கூர்ல இன்னா கேஸு? தினிக்கும் வந்துகினு கீறாரே?"

"எந்த ஊர்ல?"

"கடப்பாக்கத்துலதான். இடிஞ்ச கோட்டை கீதே, அங்க. அந்தக் கறுப்புக் கோட்டுகூட கயட்டாம வெயில்ல குந்திகினு கீறாரு. எங்க வூட்டு ஆம்பள ஒரு நா போயி, நாஸ்தா துன்னியா சார்னு கேட்டுக்கீது. துன்னேன்னாராம். அவ்ளோதான், வேற பேச்சே இல்லையாம்."

மீனை வாங்கி உள்ளே வந்து குழம்பு வைத்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். கேட்க வாய் வரவில்லை. மறுநாள் லீவு சொல்லிவிட்டு, அவர் கிளம்பிப் போன பிறகு, கடப்பாக்கத்துக்கு பஸ் ஏறினேன்.

வழியெல்லாம் மனசு என்னென்னவோ ஓடியது. பொம்பளை சகவாசம், சாராயம், சீட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டையைத் தயார் பண்ணிக்கொண்டேதான் போனேன். போய்ப் பார்த்தால் உடைந்த செங்கல் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருக்கிறார். எதிரில் கழிமுகம், ரெண்டு படகு, அப்பால் கடல். பை மடியில் இருக்கிறது. பக்கத்தில் யாருமில்லை. கிட்டே போய் வாயை மோந்துகூடப் பார்த்தேன். காலையில் நான் போட்ட காப்பி வாசனைதான் வந்தது.

"என்னங்க இது?"

"வந்துட்டியா" என்றார். நான் வருவேன் என்று எதிர்பார்த்தவர் மாதிரியும் இல்லை, திடுக்கிட்ட மாதிரியும் இல்லை.

"கோர்ட்டுக்குப் போகலையா?"

"போவணும்."

"எத்தனை நாளா இப்படி?"

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "தெரியலயே" என்றார்.

நான் தயார் பண்ணிக்கொண்டு போன சண்டை ஒன்றுமே அங்கே செல்லுபடியாகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். படகைப் பார்த்தேன். அவர் எதைப் பார்க்கிறார் என்று புரியவில்லை.

அதற்கு அடுத்த நாள் செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போனேன். அங்கே அவருக்கு ஒரு சிநேகிதர். சட்டக் கல்லூரியில் ஒரே பெஞ்ச்; கோர்ட் காம்பவுண்டில் அடுத்தடுத்த மேஜை. எப்போதும் சிரித்த முகம், இஸ்திரி கலையாத சட்டை, சவரம் பண்ணாமல் வெளியே வராத ஆள். என்னைப் பார்த்ததும் டீ சொன்னார்.

"அவர் கோர்ட்டுக்கு வர்றதேயில்லையாமே. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா அண்ணி? நீங்க ஒண்ணும் பேஜார் ஆவாதீங்க. நாங்க பாத்துகினுதானே கீறோம்."

எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதையும் அவரே விளக்கினார். கேஸைக் கூப்பிடும்போது வக்கீல் இல்லையென்றால் பக்கத்திலிருக்கும் இன்னொரு வக்கீல் எழுந்து, "அவருக்குக் காய்ச்சல், ஒரு வாய்தா வேணும்" என்பாராம். அவ்வளவுதான். வாய்தா என்றால் அடுத்த தேதி. எதிர்க்கட்சி வக்கீலே எழுந்து சொல்வதும் உண்டாம். நாளைக்குத் தனக்கு வேண்டியிருந்தால் இவன் எழுந்து சொல்வான் என்கிற கணக்கு. ஒருத்தருக்கொருத்தர் உதவி. எழுந்தவரும் விசாரிப்பதில்லை, கேட்கும் ஜட்ஜும் விசாரிப்பதில்லை. இப்படியே மாற்றி மாற்றி எழுந்து ரெண்டு வருஷத்தை ஓட்டியிருக்கிறார்கள். இவரும் வாரத்துக்கு ஒரு நாள் மேஜைக்குப் போய் உட்கார்ந்து, வருகிற கட்சிக்காரர்களிடம் "கேஸ் நடக்குது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"அவருக்கு என்னன்னு கேட்டீங்களா?" என்றேன்.

"அதை எப்படி அண்ணி கேக்கறது? தப்பா நெனச்சிப்பான்ல?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டீயை அப்படியே அவர் சட்டையில் ஊற்றியிருப்பேன். வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அணுபுரத்தில் எங்களுக்கென்று ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் அங்கே மனநல டாக்டர் வருகிற நாளில் யார் யார் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது சாயங்காலத்துக்குள் எல்லா பிளாக்குக்கும் தெரிந்துவிடும். அதனால் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வியாழக்கிழமைகளில் ஒரு டாக்டர் பார்ப்பார். சுவரோரம் நீள பெஞ்சு, காலையிலேயே நிரம்பிவிடும். அந்த டாக்டர் அவரிடம் நிறையக் கேட்டார். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, சாகத் தோன்றுகிறதா என்றெல்லாம். "அதுகூடத் தோணல சார்" என்றார் இவர். எனக்குக் குளிரடித்தது. இது சோம்பேறித்தனம் இல்லை, திமிரும் இல்லை, ஒரு நோய், மாத்திரை இருக்கிறது, நாளாகும் என்றார் டாக்டர். ஆபீஸில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவருக்குச் சர்க்கரை என்றேன். சர்க்கரை கௌரவமான வியாதி.

மாத்திரை ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் சென்னையிலிருந்து பதிவுத் தபால் வந்தது. கருங்குழியிலிருந்து ஒரு அம்மா இவர்மேல் புகார் கொடுத்திருக்கிறார். வக்கீல்களை விசாரிக்கிற ஒழுங்கு நடவடிக்கைக் குழு முன்னால் ஆஜராகி, உங்கள் பெயரை வக்கீல் பட்டியலிலிருந்து ஏன் எடுக்கக் கூடாது என்று சொல்லுங்கள் என்று இருந்தது. அந்தக் கவுன்தான் அவர். சின்ன வயசிலேயே அப்பா போய், ரேஷன் கடையில் மூட்டை அடுக்கி, மாலைக் கல்லூரியில் படித்து வாங்கிய கவுன். அதுவும் போய்விட்டால் கடப்பாக்கத்திலிருந்து அவர் திரும்பி வரவே மாட்டார் என்று எனக்குப் பட்டது.

அந்த அம்மாவின் கதை இதுதான். தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். சர்க்கார் கொடுத்த கொஞ்சம் நிலம், ஜி.எஸ்.டி. ரோடு என்கிற சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி. ரோட்டோரம் விலை ஏறினதும் ஒருத்தன் பழைய பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என்னுடையது என்றான். அந்த அம்மா இவரிடம் வந்தார். இவர் கேஸ் போட்டார். எதிர்க்கட்சிக்காரனுக்கு வக்கீல், வேறு யாருமில்லை, இவருடைய சிநேகிதர்தான். அவரே பல தடவை எழுந்து, "எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல்" என்று இவருக்கு வாய்தா வாங்கிக் கொடுத்திருக்கிறார். பிறகு புதுசாக ஒரு ஜட்ஜ் வந்தார். அவரிடம் காய்ச்சல் எடுபடவில்லை. வழக்கு நடத்த ஆள் இல்லை என்று தள்ளுபடி செய்துவிட்டார். ஒரு மாசத்துக்குள் மனுப் போட்டால் கேஸை மறுபடி எடுத்திருப்பார்கள். சிநேகிதர் இவரிடம் சொல்லியும் இருக்கிறார். இவர் தலையை ஆட்டியிருக்கிறார். அந்த அம்மா வந்து கேட்டபோதெல்லாம் "நடக்குதும்மா" என்றே சொல்லியிருக்கிறார். நிலத்தைச் சுற்றி எதிராளி கம்பி வேலி போட்ட அன்றைக்குத்தான் அந்த அம்மாவுக்கு விஷயமே தெரிந்தது.

கோர்ட்டில் மூத்தவர்கள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். மஞ்சள் காமாலை. காமாலை என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். சான்றிதழ் கொடுக்கவும் ஒரு டாக்டர் தயார். கண்டித்து விட்டுவிடுவார்கள். "மூளைன்னு மட்டும் வாயத் தொறக்காதீங்கம்மா. அப்பறம் கவுன் இருந்தாலும் ஒருத்தனும் கட்டைத் தூக்கிகினு வர மாட்டான்" என்றார் ஒரு பெரியவர். கட்டு என்றால் கேஸ் காகிதம். எனக்கும் அது சரியென்றே பட்டது. சான்றிதழை வாங்கி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சென்னையில் ஒரு பழைய கட்டடத்தில் விசாரணை. நீள மேஜைக்குப் பின்னால் மூணு பேர். நடுவில் இருந்தவர் வயசானவர், காதில் மயிர் முளைத்தவர். ஒரு ஓரம் கருங்குழி அம்மா, மகனோடு. நானும் சிநேகிதரும் பின்னால். சிநேகிதர் துணைக்கு என்று வந்தார். வழியெல்லாம் ஜோக்கு அடித்தார்.

நடுவில் இருந்த பெரியவர் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "உடம்பு சரியில்லைன்னு பதில் எழுதியிருக்கீங்க. மருத்துவச் சான்று இருக்கா?"

இவர் திரும்பி என் கைப்பையைப் பார்த்தார். நான் வெளியே எடுத்தேன்.

"இருக்கு சார்" என்றார். "ஆனா அது பொய்."

சிநேகிதர் "மச்சான்" என்று முனகினார்.

"எனக்குக் காமாலை வரல சார். காய்ச்சலும் வரல. காலையில எழுந்தா கோர்ட்டுக்குப் போவணும்னு தெரியும். குளிச்சி, துணி போட்டுகினு வருவேன். கால் அந்தப் பக்கம் போவாது. அந்தம்மா முகத்தைப் பாத்தா உண்மையைச் சொல்லணும்னு தெரியும். சொன்னா அதுக்கு மேல எதாவது செய்யணும். என்னால ஒண்ணும் செய்ய முடியாது. அதனால நடக்குதுன்னு சொன்னேன். இப்ப பெரியாஸ்பத்திரியில மாத்திரை சாப்பிடறேன்." செய்தி வாசிக்கிறவர் மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார்.

பெரியவர் அந்த அம்மாவிடம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"இன்னா சொல்றது சார்? ஒடம்புக்கு முடியலன்னா பாவம்தான். ஆனா நான் கூலிய வுட்டுட்டு வந்து வந்து நின்னேனே, என் மூஞ்சப் பாத்து எதுக்குப் பொய் சொன்னாரு? எனக்கு என் நெலம் வோணும்."

மூணு பேரும் குசுகுசுத்தார்கள். பிறகு பெரியவர் இவரைப் பார்த்துச் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "தப்புப் பண்ணியிருக்கீங்க, அதுக்குத் தண்டனை உண்டு. நோயும் இருக்கு, அதுக்கு வைத்தியம் உண்டு. ஒண்ணைக் காட்டி இன்னொண்ணைத் தள்ள முடியாது." பேரை எடுக்கவில்லை. ஆனால் ஒரு வருஷத்துக்குக் கவுன் போடக் கூடாது. அந்த ஒரு வருஷமும் வைத்தியம் விடக் கூடாது. திரும்பி வரும்போது டாக்டர் கையெழுத்தோடு வர வேண்டும். அந்தப் பொய்ச் சான்றிதழை என்னிடமிருந்து வாங்கிக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார். அந்த அம்மா வேறு வக்கீல் வைத்துக் கேஸை மறுபடி எடுக்க மனுப் போடுவார். இத்தனை நாள் தாமதம் ஏன் என்று கோர்ட் கேட்கும். அதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

திரும்பும்போது கடற்கரைச் சாலை வழியாக வந்தோம். சிநேகிதர் பாதியிலேயே இறங்கிப் போய்விட்டார். மாமல்லபுரத்தில் பஸ் மாற வேண்டும். சாப்பிடலாம் என்று இறங்கினோம். அவர் சாப்பிடாமல் நேராக மணலுக்குப் போய் உட்கார்ந்தார். சுற்றுலாக்காரர்கள் கோயிலைப் பின்னால் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னால் அடக்க முடியவில்லை. அத்தனை பேர் நடுவில் கத்தினேன். "நான் என்ன மரமா, மட்டையா? ஒரு வார்த்தை முன்னாடி சொல்லக் கூடாதா? நாளைக்கு யாருங்க உங்ககிட்ட கேஸ் கொடுப்பாங்க?" அழுதேன். மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ அழறது தெரியுது" என்றார். "உன்னைக் கட்டிக்கணும்னும் தெரியுது. ஆனா எனக்குள்ள ஒண்ணும் ஆவல." சொல்லிவிட்டுக் கையை எடுத்து என் தோளில் வைத்தார். ஒரு பொருளை எடுத்து அலமாரியில் வைப்பது போல இருந்தது. அதற்குமேல் எனக்கும் அழுகை வரவில்லை. பஸ் வந்ததும் ஏறினோம்.

அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான் ஆபீஸ் போனேன். அவர் வீட்டில் இருந்தார். துணி மடித்தார், தண்ணீர் பிடித்தார். வியாழக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கே எல்லாம் பழகிப்போய், யார் என்ன கேட்டாலும் "ம்" என்று சொல்கிற ஆளாகிவிட்டேன். பக்கத்து வீட்டம்மா "சார் ஏன் கோர்ட்டுக்குப் போகலை?" என்று ஜாடையாகக் கேட்டபோதுகூடக் கோபம் வரவில்லை. சர்க்கரை என்றும் சொல்லவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நடுவில் ஒரு நாள் கருங்குழி அம்மாவின் புது வக்கீல் ஆள் அனுப்பினார். இவர் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னால்தான் மனு நிற்கும். சென்னையில் சொன்னது நாலு சுவருக்குள். இது செங்கல்பட்டு, அவர் பிழைக்க வேண்டிய கோர்ட்டு. எல்லார் முன்னாலும் எனக்குப் புத்தி சரியில்லாமல் இருந்தது என்று சொல்லிவிட்டு, ஆறு மாசம் கழித்துக் கவுனை மாட்டிக்கொண்டு போய் நின்றால் எவன் மதிப்பான்? போக வேண்டாம் என்றேன். கெஞ்சினேன், சாப்பிடாமல் கிடந்தேன். "அந்தம்மாவுக்கு நெலம் போயிடும்" என்றார், ஏதோ பஸ் போய்விடும் என்கிற குரலில். போனார். நானும் லீவு போட்டுவிட்டுப் பின்னாலேயே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

கோர்ட் நிரம்பியிருந்தது. வக்கீல் ஒருத்தரே கூண்டில் ஏறினால் எதிர்த்தரப்பு வக்கீல் பேருக்கு எழுந்து, "கேள்வி இல்லை" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவது அங்கே வழக்கமாம். சிநேகிதரும் அதைத்தான் செய்வார் என்று எல்லாரும் நினைத்தார்கள். இவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தார். சிநேகிதர் எழுந்தார். பின்னால் அவருடைய கட்சிக்காரன் உட்கார்ந்திருந்தான். சிநேகிதர் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"கேஸ் நடக்குதுன்னு மனுதாரர்கிட்ட சொன்னது நீங்கதானே?"

"நான்தான்."

"பொய்னு தெரிஞ்சேதான் சொன்னீங்க?"

"தெரிஞ்சேதான்."

"பொய் சொல்ல மட்டும் மூளை வேலை செஞ்சிருக்கு. மனு எழுத மட்டும் வேலை செய்யல. அப்படித்தானே?"

யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு நின்றது.

"உங்களுக்கு இப்படி ஒரு நோய் இருந்தது அந்தச் சமயத்துல யாருக்காவது தெரியுமா? ஒரே ஒருத்தர் பேரைச் சொல்லுங்க பாக்கலாம்."

கூண்டில் ஏறினவனிடம், பதில் தெரியாத கேள்வியைக் கேட்கவே கூடாது. வக்கீல் தொழிலில் முதல் பாடம் இது என்று என் வீட்டுக்காரர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறார். சிநேகிதருக்கு அந்தப் பாடம் தெரியாததில்லை.

இவர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். பிறகு ஒரு குரல் வந்தது. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது!

"உனக்குத் தெரியும்டா!"

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீதானே இதே எடத்துல எழுந்து எழுந்து எனக்குக் காய்ச்சல்னு சொன்ன? ரெண்டு வருசம் எவனுக்குடா காய்ச்சல் அடிக்கும்? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு என் வூட்டுக்கு வந்து இன்னா ஆச்சு மச்சான்னு கேட்டியா?"

சிநேகிதர் மேஜையிலிருந்த காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றும் இருந்திருக்காது. ஜட்ஜ் கேட்டார், "மேலே கேள்வி உண்டா?"

"இல்லைங்க ஐயா" என்று உட்கார்ந்துவிட்டார்.

மனு ஏற்றுக்கொள்ளப்பட்டது. கேஸ் மறுபடி நடக்கும். வெளியே வேப்ப மரத்தடியில் கருங்குழி அம்மா எங்களைத் தாண்டிப் போனார். சிரிக்கவில்லை, கும்பிடவும் இல்லை. நின்று, "மாத்திர துன்றியா சார்?" என்று கேட்டார். "துன்றேம்மா" என்றார் இவர். அந்த அம்மா தன் புது வக்கீல் பின்னால் போனார்.

பஸ்ஸில் கொளவாய் ஏரியைத் தாண்டும்போது இவர் திடீரென்று என் பக்கம் திரும்பினார். "எனக்குக் கோவம் வந்துச்சுடி" என்றார். ஆச்சரியத்தோடு சொன்னார். "நல்லா வந்துச்சு." எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வருஷம் முடிந்தது. டாக்டர் கையெழுத்தோடு சென்னைக்குப் போய்த் திரும்பினார். கவுனை நானே துவைத்து இஸ்திரி போட்டேன். இப்போது நான் ஆபீஸ் பஸ்ஸை விட்டாலும் பரவாயில்லை என்று, அவர் ரோட்டைத் தாண்டி செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறுகிற வரை பார்த்துவிட்டுத்தான் போனேன். ஏறினார். தினமும் ஏறினார். மேஜையில் போய் உட்கார்ந்தார். ஒருத்தரும் வரவில்லை. காமாலை என்று சொல்லச் சொன்ன பெரியவரின் வாக்குப் பலித்தது. ஒரு கட்டுகூட வரவில்லை. சாயங்காலம் காலிப் பையோடு வருவார். "யாராவது?" என்பேன். "இல்ல" என்பார். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

இப்படி ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது. ஒரு சாயங்காலம் கேட் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் சிநேகிதர். அந்தக் கூண்டு நாளுக்குப் பிறகு அவர் இவரோடு பேசியதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்ததோ இதுதான் முதல் தடவை. நான் "வாங்க" என்று சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்து இப்போது என்ன வந்தது என்று வாய் வரை வந்தது. அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். பல நாள் தாடி. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. கையிடுக்கில் ஒரு கேஸ் கட்டு.

"உள்ள வாடா" என்றார் என் வீட்டுக்காரர், எனக்குப் பின்னாலிருந்து.

வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கட்டை இவரிடம் நீட்டினார். "நாளைக்கு கீது. நீ பாத்துக்க மச்சான். என்னால போவ முடியல."

இவர் வாங்கிக்கொண்டார். சிநேகிதர் என் பக்கம் பார்க்காமலே கேட்டார்.

"அண்ணி, அந்த டாக்டரு எந்தக் கெழமை வராரு?"

நான் சேர்த்துவைத்திருந்த வசவு அத்தனையும் எங்கே போனது என்று தெரியவில்லை. "வியாழக்கிழமை. சீக்கிரம் போனாத்தான் பெஞ்சுல இடம் கிடைக்கும்" என்றேன். "நானும் வரேன்டா" என்றார் இவர்.

பிறகு கட்டைப் பிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழைய வக்கீலாகக் கேட்டார்.

"கேஸைக் கூப்பிட்டா உன்னை எங்கன்னு கேப்பாங்க. இன்னான்னு சொல்லட்டும்?"

சிநேகிதர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீ போடக்கூடப் போகாமல் நின்றேன்.

"இன்னா வேணா சொல்லு மச்சான்" என்றார். "காய்ச்சல்னு மட்டும் சொல்லாத."